புறம்போக்கு

இரவு இரண்டரை. ஜூலை.
டெய்ரி ஃபார்ம் பக்கம், ஈரச் சருகில்
தலைவிளக்கு ஒன்று குனிந்து குனிந்து நகர்கிறது.
என்னுடையதை அணைத்துவிட்டு நிற்கிறேன்.
அவர் காத்திருப்பதும் ஓர் ஓசைக்குத்தான்.

தொப்.

டுரியான் விழுந்தால்
காடு ஒரு கணம் வாயடைக்கும்.
பிறகு பூச்சிகள்
விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

"பூங்காத் துறை" என்றேன். அட்டையை நீட்டினேன்.
மங்கையர்க்கரசி என்பதை
மூன்று முறை முயன்று, "மிஸ் மங்கை" என்று நிறுத்திக்கொண்டார்.
அவர் பெயர் சிம் பூன் லியாங். அறுபத்திரண்டு. டாக்சி.
வண்டி கீழே சாலையோரம்,
'அழைப்பில்' என்ற விளக்கு எரிந்தபடி.
சாக்குப்பையில் மூன்று பழம்.

"இது உன் பழமா?"
கோபம் இல்லை, வாடகை பேசும் குரல்.
இல்லை.
"அரசாங்கத்துடையது. சரி.
அரசாங்கம் யாருடையது?"

பதிலைப் பயிற்சியில் கற்றிருக்கிறேன்.
பிரிவு எண், அபராதம், மூடும் நேரம்,
இந்தப் பழத்தைத் தின்னும் உயிர்களின் பட்டியல்.
ஒப்பித்தேன்.
தெரிந்த வழியையே சொல்லும் பயணியை
டாக்சிக்காரர் எப்படிக் கேட்பாரோ, அப்படிக் கேட்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்று:
எங்கள் மொழியில், ஊர்க்கணக்கில்
யார் பெயரிலும் ஏறாத நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர்.
குளக்கரை, மேய்ச்சல், சுடுகாட்டுத் தடம்.
எல்லாருக்கும் என்று ஒதுக்கிய அதே சொல்லை எடுத்து
ஒருவரையொருவர் ஏச வைத்துக்கொண்டோம்.
அப்பா என்னை அப்படி ஏசியிருக்கிறார்,
தேக்கா சந்தை நடுவில், மீன்காரர் பார்க்க.

இந்த மேட்டையும் அப்படித்தான் நடத்தினார்கள்.
கம்பியர் இலையைக் காய்ச்ச விறகு, விறகுக்குக் காடு,
மண் சலித்ததும் அடுத்த மேடு.
கூலிகளில் சிலரைப் புலி தின்றது.
மீதிப்பேரைக் கடன்.
தீவு மொட்டையான பிறகுதான்
காலனி அரசுக்குக் காட்டின் ஞாபகம் வந்தது:
எல்லைக்கல், காவலர், வரைபடத்தில் பச்சை மை.
அரை நூற்றாண்டு போனதும்
அதே அரசு பச்சையை ஒவ்வொன்றாய்ச் சுரண்டி எடுத்தது.
மிஞ்சியவை விரல்விட்டு எண்ணலாம்.
இந்த மேடு அதில் ஒன்று,
அதுவும் இடுப்பில் கருங்கல் வெட்டிய தழும்போடு.

பழைய மன்னர்களுக்குக் கடிமரம் இருந்தது.
பகைவன் வந்து வெட்டினால் தோல்வி.
இங்கே பகைவன் யாரும் வரவில்லை.
கோப்பு வந்தது.
எண்பதுகளில் விரைவுச்சாலை காட்டை இரண்டாக்கியது.
பிறகு அதன் தலைக்குமேல்
மண் கொட்டி, செடி நட்டு,
அழுங்கு நடக்க ஒரு பாலம்.
வெட்டியதும் அரசு, தைத்ததும் அரசு.
அந்தத் தையலில்தான் எனக்குச் சம்பளம்.

போன மாதம் ஒரு செராயா சாய்ந்தது.
பாதையை மறித்த நான்கு மீட்டரை மட்டும் அறுத்தோம்.
மற்றது கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்,
கரையானுக்கும் காளானுக்கும்.
சும்மா இருப்பதற்கும் ஒரு படிவம் உண்டு.
அதில் இருவர் கையெழுத்திட வேண்டும்.

"அபராதத்தைக் கைபேசியிலேயே கட்டலாமா?"
கட்டலாம்.
"ஒரு பழம் பிளந்துவிட்டது. வீணாகும்."
ஆகாது என்றேன்.
சிரித்தார். பையைக் கவிழ்த்துக் கொடுத்தார்,
உள்ளே ஒன்றுமில்லை என்று உதறியும் காட்டினார்.

மரத்தடியில் மூன்றையும் திரும்ப வைத்தேன்.
கையுறையில் வாசனை ஏறிக்கொண்டது.
படிவத்தில் ஒரு கட்டம்:
பொருளின் உரிமையாளர்.
முன்பெல்லாம் யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன்.

மேலே எதுவோ கிளை மாறியது.
கீழே டாக்சி இன்னும் கிளம்பவில்லை,
அந்த விளக்கு இலைகளுக்கிடையே தெரிகிறது.
பேனாவை மூடாமல் நிற்கிறேன்.

தொப்.